சாயம் போகும் ரொட்டி

ரொட்டி என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜுரம். பசியன்று, ருசியன்று, ஜுரம். வீட்டில் எவருக்கேனும் உடம்பு சுட்டால் டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு, "இரண்டு நாளைக்குப் பாலும் ரொட்டியும் கொடுங்கள்" என்பார். உடனே கடைக்கு ஓர் ஆள் ஓடுவான். வெள்ளை வெளேரென்று மெழுகுத் தாளில் சுற்றி வரும் அந்த ஒரு பவுண்டு ரொட்டியைக் கண்டதும் நோயாளிக்கு இன்னும் ஒரு பாகை ஜுரம் ஏறிவிடும். இவ்வாறு பல காலம் தெர்மாமீட்டருக்கும் கசப்பு மருந்துக்கும் கூட்டாளியாய் இருந்த பண்டம், இன்று நம் குழந்தைகளின் சிற்றுண்டிப் பெட்டியில் இட்லியை ஒரு பக்கமாய் ஒதுக்கிவிட்டுச் சட்டமாய் உட்கார்ந்திருக்கிறது என்றால், காலத்தின் விசித்திரத்தை என்னவென்று சொல்வது!

ரொட்டி நமக்கு அந்நியப் பண்டம் என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளவும் இயலாது. கடல் வழியே வந்தது என்பது உண்மைதான். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் அதனை இன்றும் "பாண்" என்றே சொல்லுகிறார்கள். அது போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். கோவாவில் அதே போர்த்துக்கீசியர், மாவைப் புளிக்க வைக்க வேறு வழியின்றித் தென்னங்கள்ளின் உதவியை நாடினார்கள். மலையாளக் கரையில் தலைச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் 1880-இல் பிஸ்கோத்துச் சாலை வைத்தார். 1883-இல் அவர் சுட்ட கிறிஸ்துமஸ் கேக்கைப் பற்றி அவ்வூரார் இன்றைக்கும் பெருமையோடு பேசுகிறார்கள். பினாங்குத் தீவில் தமிழ் முஸ்லிம்கள் சுட்டு விற்கும் ரொட்டிக்கு "ரொட்டி பெங்காலி" என்று பெயர். வங்காளத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, "பங்காளி" என்ற நம் சொல்லே அப்படித் திரிந்தது என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. பங்காளிகள் சேர்ந்து ரொட்டி சுட்டார்களாம். பங்காளிகள் சேர்ந்து வேறு என்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும். ரொட்டி சுட்டது மெச்சத் தக்கதே! பிறகு 1965-இல் இந்திய அரசாங்கமே மாடர்ன் பேக்கரீஸ் என்ற பெயரில் ரொட்டி வியாபாரத்தில் இறங்கியது. 2000-இல் அதனை ஒரு தனியார் கம்பெனிக்கு விற்றுவிட்டது. அதற்குள் ரொட்டி பட்டி தொட்டியெல்லாம் பரவிவிட்டது.

நிற்க, நாம் சொல்ல வந்தது மண்ணரைக் கதை.

மண்ணரை, திருப்பூருக்குக் கிழக்கே ஊத்துக்குளிச் சாலையை ஒட்டிய ஊர். 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டபடியால் இப்போது ஊர் என்று சொல்வதைவிட நகரத்தின் ஒரு மூலை என்று சொல்வதே பொருத்தம். இங்கே வீட்டுக்கு ஒருவராவது பனியன் கம்பெனியில் இருப்பார். சில வீடுகளில் தாய் தந்தை இருவரும் டெய்லர். சிலவற்றில் தந்தை சாயப்பட்டறை, தாய் செக்கிங். "ஒன்றரை ஷிப்டு" என்ற கணக்கை இந்த ஊர்க் குழந்தைகள் வாய்ப்பாட்டுக்கு முன்பே கற்றுக் கொள்கின்றன. காலையில் எட்டரைக்குப் போகும் தாய் இரவு எட்டு மணிக்குமேல் திரும்பி வருகிறாள் என்றால், அவ்வீட்டில் மாவாட்டுவது யார், இட்லி ஊற்றுவது யார்? தெருமுனை பேக்கரிதான் கை கொடுக்கிறது. அரசாங்கத் தொடக்கப் பள்ளிகளில் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கி அடுத்த ஆண்டு மாகாணமெங்கும் விரிவடைந்த காலை உணவுத் திட்டம் சிறுபிள்ளைகளுக்குப் பெரிய வரப்பிரசாதம். ஆயினும் மாலையில் பள்ளிக்கூடம் விட்டபின் இரவு வரையில் உள்ள அந்த நீண்ட பொழுது ரொட்டியின் பொழுதாகவே இருக்கிறது.

நமது வகுப்பில் பிள்ளைகள் கொண்டு வருவதை நாம் தினந்தோறும் கவனித்து வருகிறோம். முதலில் வெறும் ரொட்டி வந்தது. பிறகு அதில் சிவப்பு ஜாம் ஏறியது. பிறகு பச்சையும் சிவப்புமாகத் துண்டுகள் பதித்த பன். (அந்தத் துண்டுகள் பழம் என்று எண்ணுவோர் பலர், அவை பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் ஏறிய பப்பாளிக் காய்.) சென்ற வருஷம் ஒரு சிறுமி, சிங்கப்பூரில் தெருவில் ஐஸ்கிரீமை ரோஜா நிறமும் பச்சை நிறமும் கலந்த ரொட்டித் துண்டில் மடித்துக் கொடுப்பதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து, "எங்களுக்கும் அப்படி ஒரு ரொட்டி வேணும்" என்று அறிவித்தாள். வகுப்பு முழுவதும் ஏகமனதாக அந்தத் தீர்மானத்தை ஆதரித்தது.

குழந்தைகளுக்கு வண்ணத்தின் மேல் உள்ள மோகம் குற்றமன்று. கனிந்த பழத்தையும் காயையும் மனிதன் கண்ணால்தானே முதலில் பிரித்தறிந்தான்! ஆனால் திருப்பூரில் வாழ்கிறவர்கள் வண்ணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கொஞ்சம் தயங்கத்தான் வேண்டும். ஏன் தயங்க வேண்டும் என்பதற்கு ஒரு சிறு சரித்திரம் உண்டு.

1856-இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவன், மலேரியா ஜுரத்துக்கு மருந்தாகிய கொயினாவை நிலக்கரித் தாரிலிருந்து செய்துவிடலாம் என்று ஆராயத் தொடங்கினான். கொயினா கிடைக்கவில்லை, சட்டியின் அடியில் ஊதாநிறச் சாயம் கிடைத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் செயற்கைச் சாயத் தொழில் முழுவதும். துணிக்கென்று பிறந்த சாயங்களின் உறவினர்கள் நாளடைவில் மிட்டாய்க்கும் பானகத்துக்கும் குடிபெயர்ந்தார்கள். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1956-இல், பருத்தி நூலோடு இரசாயனமுறையில் கைகோத்துக்கொண்டு எத்தனை முறை வெளுத்தாலும் விடாத சாயங்கள் விற்பனைக்கு வந்தன. திருப்பூரின் வண்ண பனியன்களுக்கெல்லாம் ஆதாரம் அவைதாம். அவை நூலில் ஏறுவதற்கு ஏராளமான உப்பும் சோடாச் சாம்பலும் வேண்டும். அந்த உப்பு எங்கே போயிற்று என்பதை நொய்யலைக் கேட்டால் சொல்லும். 1992-இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் நீருக்குப் பதிலாகச் சாயக் கழிவு தேங்கிற்று. குடியானவர்கள் வழக்காடினார்கள். கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்ற நிபந்தனை நிறைவேறாததால் 2011-ஆம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி சென்னை ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டு, பிறகு சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்துகொண்டே மீண்டும் திறந்தன. அந்த மாதங்களில் வேலையின்றி வீட்டில் இருந்த தந்தைமார்களை இவ்வூர் இன்னும் மறக்கவில்லை.

ஆற்றில் ஓடிய சாயம் ஆற்றோடு நிற்கவில்லை என்பதே விஷயம். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் சென்னையிலும் பஞ்சு மிட்டாயை வாங்கிப் பரிசோதித்தபோது, அதில் ரோடமின்-பி என்ற சாயம் இருக்கக் கண்டார்கள். துணிக்கும் தாளுக்கும் ரோஜா நிறம் ஏற்றுகிற சாயம் அது. உணவில் சேர்க்க நம் நாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. புதுச்சேரி முதலில் தடை போட்டது. பிப்ரவரி 17-ந் தேதி தமிழ்நாடும் தடை செய்தது. சேர்ப்பதற்குச் சட்டம் அனுமதிக்கும் செயற்கைச் சாயங்களும் உண்டு. நெடுங்காலமாக இந்தியாவில் அவை எட்டு. அதுவும் இன்ன பண்டத்தில், இன்ன அளவுக்குள் என்று வரம்பு உண்டு. அவையும் முற்றிலும் சாதுக்கள் என்று சொல்வதற்கில்லை. இங்கிலாந்தில் ஸௌதாம்ப்டன் சர்வகலாசாலையார் மூன்று வயதுக் குழந்தைகளையும் எட்டு ஒன்பது வயதுக் குழந்தைகளையும் வைத்து நடத்திய ஆராய்ச்சி 2007-இல் வெளியாயிற்று. சில சாயங்களையும் ஒரு பதனப் பொருளையும் கலந்த பானத்தைக் குடித்த பிள்ளைகளில் பலர் முன்னிலும் அதிகமாகத் துருதுருத்து, ஒன்றில் நிலைகொள்ளாமல் இருந்தார்கள் என்று அது கூறிற்று. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே விதமாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2010 ஜூலை முதல் ஐரோப்பாவில் அந்தச் சாயங்கள் உள்ள பொட்டலத்தில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று விதி செய்தார்கள். துருதுருப்பில்லாத குழந்தை எங்கே இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். நாற்பது பேரை ஒரே அறையில் வைத்துக்கொண்டு பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு மேற்கொண்டு துருதுருப்பு வேண்டியதில்லை என்பதே நமது பதில்.

வெள்ளை ரொட்டி மட்டும் குற்றமற்றதா? 2016-இல் டெல்லியில் அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தார் 38 ரொட்டி, பன் வகைகளைச் சோதித்தபோது நூற்றுக்கு 84-இல் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருந்தது. மாவு பூரித்து எழும்புவதற்காகப் போடுவது அது. புரோமேட் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று சந்தேகிக்கப்படுவது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே இந்திய உணவு அதிகாரிகள் புரோமேட்டைத் தடை செய்துவிட்டார்கள் என்பது ஆறுதல்.

ஆகவே, "வீட்டிலேயே சுட்டுப் பார்ப்போம், சாயத்தையும் சமையலறையிலிருந்தே எடுப்போம்" என்று தீர்மானித்தோம். பீட்ரூட், கேரட், கீரை, மஞ்சள்: இந்த நான்கும் நம் வீட்டில் தினமும் புழங்குகிறவை. இவற்றின் குணங்களை அறிந்துகொண்டாலொழிய ரொட்டியில் வண்ணம் நிற்காது.

கேரட்டின் ஆரஞ்சு நிறம் நல்ல பிள்ளை. சூட்டுக்கு அவ்வளவாக அஞ்சாது. எண்ணெயில் கரையும் தன்மை உள்ளதால் மாவில் ஊற்றும் எண்ணெயோடு கலந்து பளிச்சென்று தெரியும். அந்த எண்ணெயே உடம்பில் அதன் சத்து சேரவும் துணை செய்கிறது. மஞ்சளும் அடுப்புக்கு அஞ்சாது, ஆனால் சோடாவுக்கு அஞ்சும். மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவந்துபோவதை நாம் ஆரத்தித் தட்டில் ஆயிரம் தடவை கண்டிருக்கிறோம். சமையல் சோடா போட்ட மாவிலும் அதுவே நேரும். மஞ்சள் ரொட்டி வேண்டுமென்று தொடங்கி, செங்கல் ரொட்டியில் முடியும். மஞ்சளைக் கால் தேக்கரண்டிக்கு மேல் போடலாகாது. ரொட்டி கசாயம் ஆகிவிடும்.

பீட்ரூட்தான் எல்லாவற்றிலும் படுத்துகிற பிள்ளை. மாவு பிசையும்போது கல்யாணப் பெண்ணின் பட்டுப் புடவை போல ஜொலிக்கும். அடுப்பிலிருந்து எடுக்கும்போது பாதி நிறம் பறந்துபோயிருக்கும். அதன் சிவப்புக்குச் சூடும் ஆகாது, காரமும் ஆகாது. (மிளகாய்க் காரமன்று, சோடாவின் காரம்.) சிறிது புளிப்பு இருந்தால் நிலைக்கும். எனவே அரைத்த விழுதில் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடவேண்டும். ஈஸ்ட் போட்டுப் புளித்த மாவு இயல்பாகவே சற்றுப் புளிப்பானது என்பதால் சோடா போட்ட கேக்கைவிட ஈஸ்ட் ரொட்டியில் பீட்ரூட் நன்றாக நிற்கிறது. இட்லி மாவில் இன்னும் நன்றாக நிற்கும். அடுப்பு வசதி இல்லாதவர்கள் அதைச் செய்து பார்க்கலாம்.

கீரையின் குணம் இதற்கு நேர் எதிர். பச்சையத்துக்குப் புளிப்பு ஆகாது; புளிப்பும் சூடும் சேர்ந்தால் அதன் நடுவில் இருக்கும் மக்னீசியம் கழன்று, பச்சை பாசிபடிந்த நிறமாகிவிடும். ஆகையால் கீரை மாவில் எலுமிச்சை கூடாது. பாலக்கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டெடுத்து உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தி அரைத்தால் பச்சை பெரும்பாலும் தங்குகிறது. செப்புப் பாத்திரத்தில் வேகவைத்தால் பச்சை அபாரமாக வரும் என்று ஒரு பழைய வித்தை உண்டு. அந்தப் பக்கமே போக வேண்டாம். 1820-இல் அக்கம் என்ற இரசாயன சாஸ்திரி லண்டனில் வெளியிட்ட உணவுக் கலப்படப் புத்தகத்தில், செம்பால் பச்சையேற்றிய ஊறுகாய்களைப் பற்றி அக்காலத்திலேயே எச்சரித்துவிட்டார். சங்குப்பூவை வெந்நீரில் போட்டு நீல ரொட்டியும் சுடலாம். நமக்கு அதில் அவ்வளவு பற்றில்லை. நீலமான ரொட்டியைக் கண்டால் பூஞ்சணம் பிடித்ததோ என்ற ஐயம் எழுகிறது.

பாருங்கள், சாயப்பட்டறையில் நிறம் நிலைக்கக் காரம் உதவுகிறது. நம் ரொட்டியில் அதே காரம் நிறத்தைக் கெடுக்கிறது. இந்த வேற்றுமையை நமக்கு உணர்த்தியவர் ஒரு சாயப்பட்டறைத் தொழிலாளியே. ஒரு ஞாயிறு மாலை தம் மகளை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்திருந்தார். முதன்முதலாகச் சுட்ட மூவர்ண ரொட்டியில் ஒரு துண்டை அவரிடம் நீட்டினோம். அவர் அதை வாயில் வைக்கவில்லை. பையிலிருந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, சிவப்புப் பக்கத்தில் அழுத்தி நாலு தேய்ப்புத் தேய்த்தார். கைக்குட்டையில் லேசான ரோஜாக் கறை ஏறியது.

"ஏனுங்க டீச்சர், சாயம் போகுதுங்களே?" என்றார்.

"போகத்தான் செய்யும், பீட்ரூட் அல்லவா?" என்றோம்.

"பட்டறையிலே இப்பிடி வெள்ளைத் துணியிலே ஏறுச்சுன்னா லாட்டே திரும்பி வந்துருமுங்க" என்று சிரித்தார். பிறகு மகளைப் பார்த்து, "போகுது கண்ணு, நீ தின்னு" என்றார்.

பதினெட்டு வருஷம் போகாத சாயத்தோடு பழகிய கை அது. சாயம் போகாமலிருப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எத்தனை சூட்டிலும் கொஞ்சமும் மாறாமல், நாக்கைச் சிவக்க வைத்து, மறுநாளும் விரலை விட்டுப் போகாத தின்பண்டத்தைக் கண்டால் அவருக்கு வருகிற அச்சம் நம் எல்லாருக்கும் வரவேண்டியது. கேரட்டும் மஞ்சளும் இதற்கு விலக்கு என்று இரசாயன வாத்தியார்கள் கோபித்துக் கொள்ளலாம். அவர்கள் சொல்வதும் சரியே.

இனிச் செய்முறைக்கு வருவோம். ஒரு பவுண்டு அச்சுக்கு மாவு மொத்தம் 300 கிராம். அதில் இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு கோதுமை மாவு. முழுவதும் கோதுமையாக இருந்தால் சத்து மிகுதி. ஆனால் அதன் பழுப்பு எல்லா நிறத்தையும் மங்க அடிக்கும். ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. மாவையும் மற்றவற்றையும் ஒன்றாகக் கலந்து, மூன்று சம பாகமாகப் பிரித்து, ஒன்றுக்குப் பீட்ரூட், ஒன்றுக்குக் கேரட், ஒன்றுக்குக் கீரை என்று ஒவ்வொன்றிலும் சுமார் 60 கிராம் விழுது சேர்த்துப் பிசைய வேண்டும். பீட்ரூட்டையும் கேரட்டையும் ஆவியில் வேகவைத்து, ஆறியபின் நைய அரைத்துக் கொள்ளவேண்டும். சூடாக ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். அது உயிருள்ள வஸ்து என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காய்க்குக் காய் நீர் மாறுபடுவதால், மேற்கொண்டு பாலோ தண்ணீரோ ஒவ்வொரு கரண்டியாகத்தான் விடவேண்டும். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, கையில் சிறிது ஒட்டுகிற பதம் சரி.

பிசைவதில் சோம்பல் கூடாது. ஒவ்வோர் உருண்டையையும் பத்து நிமிஷம் இழுத்து மடித்துப் பிசைந்தால்தான் கோதுமையின் பசை வலைபோலப் பின்னிக்கொண்டு, ஈஸ்ட் விடும் வாயுவைத் தாங்கி நிற்கும். நிட்டிங் இயந்திரத்தில் நூல் கண்ணியோடு கண்ணி கோத்துத் துணியாகிறதே, ஏறக்குறைய அதுபோலத்தான். கடைக்காரர் புரோமேட் போட்டு வாங்கிய வேலையை நாம் கையால் வாங்குகிறோம். பிறகு ஈரத் துணியால் மூடி வைக்கலாம். சித்திரை வெயிலில் முக்கால் மணியில் இரட்டிப்பாகும். மார்கழியில் ஒன்றரை மணியும் ஆகும். கடிகாரத்தைப் பார்ப்பதைவிட மாவைப் பார்ப்பது உத்தமம்.

உப்பிய மூன்று உருண்டைகளையும் அச்சின் அகலத்துக்குத் தனித்தனியே தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாயைச் சுருட்டுவதுபோல இறுக்கிச் சுருட்ட வேண்டும். எண்ணெய் தடவிய அச்சில் மடிப்பு அடிப்பக்கமாக இருக்கும்படி வைத்து, மாவு விளிம்பைத் தொடும் வரையில் மறுபடி காத்திருக்க வேண்டும். பின்பு 180 பாகைச் சூட்டில் 35 நிமிஷம். இருபது நிமிஷம் ஆனவுடன் மேலே ஓர் அலுமினியத் தாளைக் கவிழ்த்தால் மேற்பரப்பு அதிகம் பழுக்காமல் நிறம் காப்பாற்றப்படும். எடுத்துத் தலைகீழாக்கி அடியில் தட்டினால் வெறும் பானையைத் தட்டியதுபோல் ஓசை வரவேண்டும்.

மின்சார அடுப்பு இல்லாத வீடுகளே மண்ணரையில் அதிகம். கனமான குக்கரின் அடியில் இரண்டு விரற்கடை உயரம் சுத்தமான மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கியை வைத்து, ரப்பர் வளையத்தையும் குண்டையும் எடுத்துவிட்டு மூடி, பத்து நிமிஷம் காயவிட்டு, அச்சை உள்ளே வைத்து இளந்தீயில் முக்கால் மணி நேரம் வைத்தால் ரொட்டி வெந்துவிடுகிறது. குண்டைப் போட்டு மூடுவது ஆபத்து. தண்ணீர் இல்லாத குக்கரில் அந்தச் சோதனையே கூடாது. மேற்புறம் சிவக்காமல் வெளிறியிருக்கும். அதனால் குற்றமில்லை, வண்ணம் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

அறுப்பதற்கு ஒரு மணி நேரமாவது ஆறவேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கட்டம். குழந்தைகள் சுற்றி நிற்கும்போது அந்த ஒரு மணி, பரீட்சை ஹாலில் கடைசி மணியைப் போல நகரவே நகராது. அவசரப்பட்டுச் சூட்டில் அறுத்தால் உள்ளே களியாகி, மூன்று நிறமும் ஒன்றாக இழுபடும். ஆறியபின் அறுத்தால், ஒவ்வொரு துண்டிலும் சிவப்பும் ஆரஞ்சும் பச்சையும் சங்கு போலச் சுழிந்து வரும்.

இந்த ரொட்டியைத் தின்றால் குழந்தை பீமசேனன் ஆகிவிடும் என்று நாம் விளம்பரம் செய்யப்போவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 கிராம் கேரட் பன்னிரண்டு துண்டுகளில் பங்கிடப்படுகிறது. இரண்டு துண்டு தின்கிற பிள்ளைக்குக் கிடைப்பது பத்துக் கிராம் கேரட். அதாவது ஒரு கடி. ஒரு கரண்டிப் பொரியல் இதைவிட எவ்வளவோ மேல். காய்கறி நிறத்தைப் போட்டுவிட்டு, காய்கறியே கொடுத்துவிட்டதாகத் திருப்திப்படும் தாய்மார்கள் தங்களையே ஏமாற்றிக் கொள்கிறார்கள். இதன் லாபம் வேறு: உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். இன்னொன்று, பீட்ரூட் என்றால் தட்டைத் தள்ளிவிடும் பிள்ளைகள், தாமே அதை அரைத்து மாவில் பிசைந்தபின் அவ்வளவு விரோதம் பாராட்டுவதில்லை.

நேரம் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு நியாயமான பதில் சொல்வது கடினம். ஆறு நாள் ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு, ஏழாம் நாள் துணி துவைத்து, தண்ணீர் பிடித்து, ரேஷனுக்கும் போய் வருகிற பெண்ணிடம் ரொட்டியும் சுடு என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. ஆனால் அவ்வீட்டில் ஆண்பிள்ளை ஒருவரும் உண்டல்லவா? பட்டறையில் சாயத்தை எடைபோட்டு, சூட்டை அளந்து, நேரம் பார்த்து, நிறம் ஒத்திருக்கிறதா என்று சோதிப்பவர்கள் ஆண்களே. ரொட்டி சுடுவதற்கு வேண்டிய பயிற்சி முழுவதும் அவர்களுக்கு ஏற்கனவே இருக்கிறது. மேலே சொன்ன தந்தை இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தாமே பிசைகிறார். அவருடைய கேரட் பாகம் நம்முடையதைவிட நிறத்தில் ஒரே சீராக வருகிறது என்பதைக் கொஞ்சம் பொறாமையோடு தெரிவித்துக் கொள்கிறோம்.

இடையில் என்ன வைப்பது? சிவப்பு ஜாமை வைத்தால் இத்தனை பாடும் வீண். ஊத்துக்குளி வெண்ணெய் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அதைத் தடவி, மெல்லியதாய்ச் சீவிய வெள்ளரிக்காயும் ஒரு சிட்டிகை மிளகுத்தூளும் போதும். கெட்டித் தயிரைத் துணியில் வடியவிட்டுக் கொத்தமல்லித் துவையலோடு கலந்து வைக்கலாம். தேங்காய்ச் சட்னியை மத்தியானம் வரை பெட்டியில் அடைத்து அனுப்புவது மட்டும் வேண்டாம். வெயிலில் ஊசிப் போகும். வேகவைத்து மசித்த பாசிப்பருப்பில் எலுமிச்சை பிழிந்து வைத்தது நம் வகுப்பில் முதல் பரிசு பெற்றது.

கடை ரொட்டிபோல் இது வாரக்கணக்கில் கிடக்காது. பதனப் பொருள் இல்லாததால் நம் ஊர்ச் சூட்டில் இரண்டாம் நாள் இரவுக்குள் தின்று தீர்க்கவேண்டும். மூன்றாம் நாள் மிஞ்சினால் தோசைக்கல்லில் நெய்விட்டு வாட்டலாம். ஆனால் பூஞ்சணத்தின் புள்ளி ஒன்று தெரிந்தாலும் அதை மட்டும் கிள்ளிவிட்டுத் தின்னலாகாது, முழுவதையும் எறிந்துவிட வேண்டும். இரு முனையிலும் உள்ள கடினத் துண்டுகளைப் பிள்ளைகள் தொடுவதில்லை. அவை அம்மாயிகளுக்கு. சூடான தேநீரில் முக்கினால் தேநீர் கொஞ்சம் ரோஜா நிறமாகும். அவர்கள் அதைப் பற்றி ஏதும் சொல்வதில்லை.